சுருளில் மிஞ்சியது

பெர்த்திலிருந்து மகள் கேட்டாள்:
"அந்த உடும்புப் படம் இன்னும் இருக்காப்பா?"
கேமரன் மலையைக் கேட்கவில்லை.
பினாங்கைக் கேட்கவில்லை.
பினாங்குக்குப் போய்வரக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியதை
அவளுக்கு யார் சொல்வது.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
வினிகர் வாடை.
நெகட்டிவ் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன,
மழைக்காலத்து அப்பளம்போல.

சுருளுக்கு முப்பத்தாறு.
அதில் முப்பத்துமூன்று என் கணக்கு:
கடற்பால நெரிசலில் எங்கள் டட்சன்,
அருவிக்கு முன் மூவர்,
தேயிலைச் சரிவுக்கு முன் மூவர்,
ஊர்ப் பெயர்ப்பலகைக்கு முன்
அதே மூவர்.
நிமிர்ந்து நில். சிரி. தம்பி கையை விடாதே.
எல்லா ஊரிலும் ஒரே வெயில், ஒரே கண்சுளிப்பு.
யசோதரையின் ரிப்பன் நிறம் ஒன்றே
ஊர் மாறியதற்குச் சாட்சி.

திங்கட்கிழமை நான் மீட்டர் படிக்கப் போய்விடுவேன்,
வீடு வீடாக, நாய்க்குப் பயந்து.
யாஷிகாவில் மூன்றோ நான்கோ மிஞ்சியிருக்கும்.
முடித்த சுருளோ முடியாத சுருளோ
தேக்கா கடையில் கழுவ ஒரே காசு.
வீணாக்கக் கூடாதென்று
இந்திராணி பின்வாசலில் இறங்குவாள்.

ஜாலான் காயு வீட்டின் பின்புறம் பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு பப்பாளி, காய்க்க மறுத்த ஒரு ரம்புத்தான்,
மூடாத வடிகால்,
வேலி தாண்டி வந்த திருமதி ஓங்கின் பாண்டான் புதர்.
இப்போது அங்கே நான்கு மாடிக்குக் கார்கள் நிற்கின்றன.

வடிகால் திட்டில் வெயில் காயும் உடும்பு.
மழை விட்ட காலையில் காளான்கள்,
எண்ணினால் பதினொன்று.
துணிக்கயிற்றில் தேன்சிட்டு கட்டிய தொங்குபை
(அது குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை
அந்தக் கயிற்றில் துணி காயவில்லை.
சட்டை ஏன் ஈரமாக இருக்கிறதென்று
நான் கத்தியது அப்போதுதான்).
பப்பாளித் தண்டில் ஓர் ஓட்டை.
குடைந்தது யாரென்று படத்தில் இல்லை.

"பிலிமைப் பாழாக்கிட்டியே."
எண்பத்தேழில் சொன்னேன்.
ஒருமுறை மட்டும் சொன்னதாக நினைத்திருந்தேன்.
ஆல்பத்தில் அவற்றுக்கு இடம் தரவில்லை,
கடைசி அட்டைக்குள் செருகிவைத்தேன்.
ஒட்டிய படங்களெல்லாம் பசையில் மஞ்சளித்துவிட்டன.
செருகியவற்றில்
உடும்பின் செதில்களை இன்றும் எண்ணலாம்.

யீஷூன், பதினான்காம் மாடி.
ஸ்கேனரின் வெளிச்சம் அடியில் மெல்ல ஊர்கிறது.
ஒரு பட்டையின் நுனியில், எண்ணில்லாமல், இன்னொரு படம்.
கடைக்காரர் முப்பத்தாறைத்தான் அச்சிடுவார்.
சுருளைச் சிக்கனமாக மாட்டியவருக்குச் சிலசமயம்
முப்பத்தேழாவதாக ஒன்று கிடைக்கும்,
கிளிப் கடித்த துளையோடு.

ரம்புத்தான் நிழல்.
சாய்வு நாற்காலி.
கட்டம்போட்ட கைலி,
மார்பில் சரிந்த செய்தித்தாள்,
திறந்த வாய்.
கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி
எதற்கும் அஞ்சாத ஒரு மைனா.

நான்தான். முப்பத்தெட்டு வயது.

தரையோடு குந்தி எடுத்திருக்கிறாள்,
உடும்பை எடுத்த அதே உயரம்,
அதே தூரம்.
மூச்சை அடக்கியிருக்க வேண்டும்,
படம் துளியும் ஆடவில்லை.
நிமிரச் சொல்ல, சிரிக்கச் சொல்ல
அங்கே யாரும் இல்லை.

கூடத்தில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றி, இறக்கி,
மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.
"இதை எதுக்கு எடுத்தே?"

"அசையாம இருந்ததையெல்லாம் எடுத்தேன்,"
என்றாள், ஒரு நாரை இழுத்தபடி.
"மைனா நல்லா விழுந்திருக்கு."

மகளுக்கு உடும்பை அனுப்பினேன்.
இதை இன்னும் அனுப்பவில்லை.